உப்புக் காற்றில் ஓடும் பழைய ஃபோர் வீல் பிக்கப்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

ராமேஸ்வரம் தீவிலிருந்து தேவிபட்டினம், தொண்டி வரைக்கும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும் எங்கள் கரையில் பழைய ஃபோர் வீல் பிக்கப்புக்கு, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு, இன்னும் வேலை இருக்கிறது. வலை ஏற்ற வேண்டும், ஐஸ் பெட்டி ஏற்ற வேண்டும், படகு எஞ்ஜினைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், மணலில் புதைந்த இன்னொரு வண்டியை இழுக்க வேண்டும். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறக்கும்வரை தனுஷ்கோடிக்கு வண்டியில் போவது என்றால் இந்த மாதிரி வண்டிதான். ஒரு சக்கரம் மணலில் இருக்கும், இன்னொன்று கடல் தண்ணீரில் இருக்கும்.

என் வண்டியும் அந்த வகை. மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் எஞ்ஜின், பின்னால் ஸ்பிரிங் பட்டை, முன் சக்கரத்தை ஆக்சிலோடு பூட்ட கையால் திருப்பும் ஹப், கியர் லிவருக்குப் பக்கத்தில் ஃபோர் வீலுக்கென்று இன்னொரு சின்ன லிவர். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அதனால் கோளாறு வந்தால் கண்ணும் காதும் கையும்தான் ஸ்கேனர். கீழே எழுதியிருப்பது இந்த வகை வண்டிக்கு மட்டும். கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரெயில் எஞ்ஜினுக்கும் பட்டனில் ஃபோர் வீல் மாறும் புது வண்டிக்கும் இதில் பாதி பொருந்தாது.

தொடங்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு அறிகுறிக்கு முதலில் சந்தேகப்படும் பாகத்தை இங்கே கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். இங்கே பாகம் தேய்வதற்கு முன்பே உப்பு அதைத் தின்றுவிடுகிறது. உச்சிப்புளியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பட்டறைக்கார அண்ணன் முதல் நாளே சொன்னது: "தம்பி, ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி துணியை எடு. தொடச்சுப் பாரு. பாதி ரிப்பேர் அங்கேயே தெரிஞ்சிரும்." இத்தனை வருஷத்தில் அது தப்பியதில்லை.

சாவியைத் திருப்பினால் 'டிக்' சத்தம் மட்டும் வருகிறது

இந்த ஒரு அறிகுறிக்காக நான் ஒரு பாட்டரியும் ஒரு செல்ஃப் மோட்டாரும் வாங்கினேன். இரண்டுமே தேவைப்படவில்லை. கோளாறு எர்த் ஒயரில், அதாவது பாட்டரி மைனஸை எஞ்ஜினோடும் சேசிஸோடும் இணைக்கும் ஒயரில் இருந்தது.

முதலில் பாட்டரி முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, அப்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பாட்டரி பலவீனம். இறங்கவில்லை, ஆனாலும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் கரண்ட் வழியில் எங்கோ மாட்டிக்கொள்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரி மைனஸிலும் இன்னொரு முனையை எஞ்ஜின் பிளாக்கில் சுரண்டிய வெறும் இரும்பிலும் வைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. மீட்டர் கையில் இல்லையா? ஜம்பர் கேபிளை எடுத்துப் பாட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்ஜின் பிளாக்குக்குக் கொடுங்கள். உடனே செல்ஃப் சுற்றினால் அதுவே பதில்.

அந்த ஒயரை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முனையில் கொஞ்சம் வெள்ளைப் பூ, கொஞ்சம் பச்சை, அவ்வளவுதான். நான் கழற்றிய ஒயரைக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு கரிக்கட்டை மாதிரி கறுத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. உப்பு ஈரம் முனை வழியாக ஏறி ரப்பருக்குள்ளேயே போயிருக்கிறது. அதனால் முனையை மட்டும் சுரண்டி மாட்டினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஒயரையே மாற்றுங்கள். டீசல் எஞ்ஜினுக்கு 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத ஒயர், முனையில் ஈயம் உருக்கி ஊற்றிய லக், அதன்மேல் சூட்டில் சுருங்கும் ட்யூப். சேசிஸில் மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்க வேண்டும். போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள், இறுக்குவதற்கு முன் பூசாதீர்கள். நான் பாட்டரியிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, எஞ்ஜினுக்கு நேராக ஒன்று என்று இரண்டு எர்த் போட்டிருக்கிறேன். ஹெட்லைட் மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குவது போன்றவையும் பெரும்பாலும் எர்த் கோளாறுதான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்ஜின் பிடிக்கவில்லை

டீசல் வருகிறதா, காற்று வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அழுத்துங்கள். பத்துப் பதினைந்து அழுத்தலில் கெட்டியாகிவிட்டால் நல்லது. அழுத்திக்கொண்டே இருந்தும் தொளதொளவென்று இருந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் காற்று உறிஞ்சுகிறது. எங்கள் பக்கம் அந்த ஓட்டை பெரும்பாலும் இருக்கும் இடம், இரும்பு டீசல் பைப்பைச் சேசிஸோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில். கிளிப்புக்குள் ஈர மணல் தங்கி, பைப்பை ஊசி முனை அளவுக்கு அரித்திருக்கும். டீசல் வெளியே ஒழுகாது, ஏனென்றால் அந்தப் பகுதியில் உறிஞ்சல்தான் நடக்கிறது. அதனால் கண்ணுக்கு மாட்டாது. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் ட்யூபைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பாருங்கள். குமிழி ஓடினால் அதற்கும் டேங்குக்கும் நடுவில்தான் ஓட்டை.

காற்றை வெளியேற்ற, ஃபில்டர் மேல் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்துங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் நாசில் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அப்போது கையையும் முகத்தையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். நாசில் அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளி மாதிரி இருக்கும், ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

சாவி போட்டதும் பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலினாய்டின் 'டிக்' சத்தம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். சத்தம் இல்லை என்றால் அதற்குப் போகும் ஒற்றை ஒயரின் முனையைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். பம்பைக் கழற்றி காலிபரேஷனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது.

இன்னொன்று, தண்ணீர். கரையில் கேனில் வைத்த டீசலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும்.

கரும்புகை தள்ளுகிறது, இழுவை இல்லை

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தனுஷ்கோடி சாலையிலேயே மணல் மேடு கட்டும். அந்த மணல்தான் ஏர் ஃபில்டரில் உட்காருகிறது. ஃபில்டரை மாற்றினால் புகை போய்விடும். ஆனால் ஃபில்டரைவிட முக்கியம், ஃபில்டருக்கும் எஞ்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் பைப். அதைக் கழற்றி உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மணல் பொடி ஒட்டினால் பைப்பில் கீறலோ கிளிப்பில் தளர்ச்சியோ இருக்கிறது. மணல் நேராகச் சிலிண்டருக்குப் போகிறது என்று அர்த்தம். அன்றைக்கே நிறுத்திச் சரிசெய்யுங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த பிறகு ஃபில்டர் மாற்றிப் பயனில்லை.

லிவர் ஃபோர் வீலில் விழுந்தும் முன் சக்கரம் இழுக்கவில்லை

பட்டறைக்குப் போனால் பலர் முதலில், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸைத்தான் இறக்கச் சொல்வார்கள். அதற்கு முன் இந்த ஒரே சோதனையைச் செய்யுங்கள், கோளாறு ஹப்பிலா, லிவரிலா, இரண்டிலும் இல்லையா என்று தெரிந்துவிடும்.

கெட்டியான சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்க இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்படி ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது. எஞ்ஜின் அணைந்திருக்க வேண்டும், வண்டி கியரில் இருக்க வேண்டும், சின்ன லிவர் ஃபோர் ஹையில், இரண்டு ஹப்பும் லாக்கில். இப்போது இடது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

வலது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் ஹப்பும் ஆக்சிலும் சரி. வலது சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொண்டால் இடது சக்கரம் சுற்றாமல் நிற்கிறது என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸும் சரி. வண்டி மணலில் இழுக்காததற்குக் காரணம் டயர் காற்றோ ஓட்டும் முறையோதான். முன் ஆக்சிலுக்கு இழுவை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் சுற்றினால் லிவர் மேலே விழுந்ததே தவிர உள்ளே கியர் விழவில்லை. இது இரண்டும் இல்லாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை. எந்த ஹப் என்று தெரிய, இரண்டு சக்கரத்தையும் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் சற்றுக் கனமாகவும் சுற்றும். லேசாகச் சுற்றும் பக்கம்தான் பழுது. கனமான பக்கம் ஆக்சிலையும் சேர்த்துச் சுற்றுகிறது.

ஹப் என்றால் அதன் மூடியை எடுத்துப் பாருங்கள். என் வண்டியில் இருந்தது கிரீஸ் இல்லை, கிரீஸும் உப்பும் மணலும் சேர்ந்து இறுகிய ஒரு சாந்து. ஸ்பிரிங் அசையவே இடமில்லை. டீசலில் கழுவி, துருவை மெல்லிய எமரித்தாளால் எடுத்து, மெலிசாக ஒரு பூச்சு மட்டும் கிரீஸ் வைத்து மாட்டினேன். ஹப்புக்குள் கிரீஸை அடைத்து வைப்பது நல்லது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது தப்பு, கிரீஸ் நிறைந்தால் உள்ளே பூட்டும் வளையம் நகராது. மூடியின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள், மலிவான சாமான்தான்.

லிவர் கோளாறு என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வெளியிலுள்ள ராடு, பின், புஷ் மூன்றையும் பாருங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் லிவர் முழுத் தூரம் போகாது. துரு விடும் எண்ணெயை முதல் நாள் இரவு விட்டு, காலையில் மெதுவாக அசைத்தால் விட்டுக்கொடுக்கும். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை, மணல் இல்லாவிட்டாலும், நூறு மீட்டர் மண் தரையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தொடுகிற லிவர் நிச்சயம் இறுகும்.

ஃபோர் வீலிலிருந்து லிவர் திரும்ப வரவில்லை. வளைவில் டயர் கதறுகிறது

மணல் மூடிய இடத்தைத் தாண்ட ஃபோர் வீல் போட்டுவிட்டு, அதே நிலையில் தார்ச்சாலையில் ராமேஸ்வரம் வரைக்கும் வந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வகை வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். மணலில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். தாரில் வழுக்காது. முறுக்கு உள்ளே ஏறிக்கொண்டே போகும், லிவர் இறுகும், கடைசியில் புரொபெல்லர் ஷாஃப்ட் மூட்டிலுள்ள கிராஸோ ஆக்சில் ஷாஃப்ட்டோ முறியும்.

லிவரைச் சுத்தியலால் தட்டாதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் போங்கள். முறுக்கு இறங்கி லிவர் தானாக விடும். விடவில்லை என்றால் ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். எழும்பும்போதே சக்கரம் சட்டென்று சுற்றி நிற்கும், கை வைக்க வேண்டாம்.

நேர் சாலையிலேயே இறுகுகிறது என்றால் நாலு டயரும் ஒரே அளவா என்று பாருங்கள். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று தள்ளி, தரையில் அளந்தால் சுற்றளவு தெரியும். முன்னும் பின்னும் 20 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் ஃபோர் வீல் போடுவதில்லை. பின்னால் இரண்டு புது டயர் மட்டும் போட்ட வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

கிளம்பும்போது அடியில் 'டக்', ஓடும்போது 'கிறீச் கிறீச்'

புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். டார்ச் அடித்துக் கிராஸின் நாலு மூடியையும் பாருங்கள். ஏதாவது ஒன்றைச் சுற்றிக் குங்குமம் தூவினது மாதிரி சிவப்புப் பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் துருவாகிவிட்டது. கிரீஸ் அடித்துக் காப்பாற்ற முடியாது, மாற்ற வேண்டியதுதான். பொடி இல்லை என்றால் கிரீஸ் கன்னால் அடியுங்கள். நாலு மூடியிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் அடுத்து போகப்போவது. ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதே நிலையில் மாட்டாவிட்டால் வண்டி நடுங்கும்.

ஆக்சில் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறது

தண்ணீர் போய்விட்டது. எப்படிப் போனது என்று புரிந்துகொண்டால்தான் மறுபடி போகாது. ஓடி வந்த ஆக்சில் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். மீன் ஏற்றத் தண்ணீர் ஓரத்தில் இறக்கியதும் ஆக்சில் சட்டென்று குளிர்ந்து உள்காற்று சுருங்கும். அந்த நேரம் ஆக்சில் மேலுள்ள பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாக வெளிக்காற்று போக வேண்டும். பிரீதர் மணலில் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். சீல் புதிதாக இருந்தாலும் உறிஞ்சும்.

ஆயிலை இறக்கி, இரண்டு லிட்டர் மலிவான ஆயில் ஊற்றி, ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, அதையும் இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். ஆக்சிலுக்கு ஜிஎல்-5 தர 80-90 ஆயில். கியர் பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருப்பதால் அங்கே கையேடு சொல்லும் ஜிஎல்-4தான். இரண்டையும் ஒரே கேனிலிருந்து ஊற்றாதீர்கள்.

இந்த வண்டியில் நான் செய்த மாற்றங்களில் காசுக்கு அதிகப் பலன் கொடுத்தது பிரீதர் ட்யூப். பிரீதர் மூடியை எடுத்துவிட்டு ஒரு நிப்பிள் போட்டு, டீசல் ட்யூபை மாட்டி, சேசிஸ் ஓரமாக ஏற்றி, முன் ஆக்சிலுடையதைப் பானட்டுக்குள்ளும் பின் ஆக்சிலுடையதைக் கேபினுக்குப் பின்னால் உயரத்திலும் கட்டினேன். முனையில் ஒரு சின்ன டீசல் ஃபில்டர் போட்டால் தூசியும் போகாது. ஆக்சில் ஏறி இறங்கும்போது இழுபடாத அளவுக்கு ட்யூபில் தொய்வு விடுங்கள். ஒரு மணி நேர வேலை. போட்டதிலிருந்து ஆயில் நிறம் மாறியதில்லை.

இதற்காகக் கடலில் இறக்கலாம் என்று அர்த்தமில்லை. உப்புத் தண்ணீரில் சக்கரப் பேரிங் மூழ்கினால் அன்றைக்கே கழற்றிக் கிரீஸ் மாற்ற வேண்டும், வேறு வழி கிடையாது.

மணலில் ஏறினால் சூடு ஏறுகிறது, தாரில் இறங்கிவிடுகிறது

முதலில் டயரைப் பாருங்கள். 35, 40 பிஎஸ்ஐ காற்றோடு மணலில் இறங்கினால் டயர் மணலை வெட்டிக்கொண்டு போகும், எஞ்ஜின் இரண்டு மடங்கு உழைக்கும். 18 வரைக்கும் இறக்கினால் டயர் தட்டையாகப் படர்ந்து மேலே மிதந்து போகும். காற்று குறைந்த டயரில் வேகமும் திடீர் வளைவும் கூடாது. தார் ஏறியதும் பாட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸரால் மறுபடி ஏற்றிவிடுங்கள். சீமைக்கருவேலம் இருக்கும் பக்கம் காற்றை இறக்காதீர்கள், முள் பக்கச்சுவரில் ஏறினால் ஒட்டுப்போட முடியாது. அப்படியும் புதைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இறங்கி, சக்கரத்துக்கு முன் மணலை வாரிவிட்டு, தென்னை மட்டையோ பனை மட்டையோ போடுங்கள். தை மாதம் முதல் பங்குனி முடியும்வரை ஆமை கரையேறி முட்டையிடும் மணல் இது. அந்த மாதங்களில் அலையோர மணலில் வண்டியை இறக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டயர் சரி, ஆனாலும் சூடு ஏறுகிறது என்றால் ரேடியேட்டர். அதன் மெல்லிய தகடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கினால் உப்பு தின்றுவிட்டது. தண்ணீர் ஒழுகாவிட்டாலும் அந்த ரேடியேட்டர் சூட்டை வெளியே விடாது. நொறுங்கவில்லை என்றால் எஞ்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்து மணலை வெளியேற்றுங்கள்.

உள்ளே ஊற்றும் தண்ணீர் இன்னும் முக்கியம். எங்கள் ஊர் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்பக்கமும் அரிக்கும், உப்பு படிந்து வழியும் அடைக்கும். கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, வேறெதுவும் வேண்டாம். வழியில் ஆபத்துக்கு வேறு தண்ணீர் ஊற்றினால் வீட்டுக்கு வந்ததும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். ஆறிய பிறகு மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்கிறதா? எஞ்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது அல்லது பெடல் அமுங்கிப் போகிறது

ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கச் சக்கரத்தில் வீல் சிலிண்டர் துருவால் இறுகியிருக்கும், அல்லது காலிப்பர் பின் நகராமல் நிற்கும். டிரம்மைக் கழற்றி மணலைத் துணியால் எடுங்கள், வாயால் ஊதாதீர்கள்.

பெடல் மெதுவாக அமுங்கிக் கீழே போனால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பின் ஆக்சில் மேல் ஓடும் இரும்பு பிரேக் பைப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் அது எந்த நேரமும் வெடிக்கும். பைப்பை மடக்கி அடைத்துவிட்டு "மூணு சக்கர பிரேக் போதும்" என்று ஓட்டுவதைச் செய்யவே வேண்டாம். பாம்பன் பாலத்தில் இறக்கத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மாற்றும்போது செம்பு-நிக்கல் பைப் கிடைத்தால் அதையே போடுங்கள், உப்பு அதை எளிதில் தின்னாது.

சேசிஸைத் தட்டினால் சத்தம் மாறுகிறது

சின்னச் சுத்தியலால் சேசிஸை முன்னிருந்து பின்னாக அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று சொல்லும். 'தொப்' என்ற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மீன் ஏற்றும் வண்டி என்றால் அந்த வட்டங்கள் பெரும்பாலும் பின் தொட்டியின் தண்ணீர் ஓட்டைகளுக்கு நேர் கீழே வரிசையாக விழும். ஐஸ் உருகிய மீன் தண்ணீர் உப்போடு சொட்டிச் சொட்டிச் சேசிஸுக்குள்ளேயே இறங்கியிருக்கும். கடல் காற்று பத்து வருஷத்தில் செய்வதை அந்தத் தண்ணீர் மூன்றே வருஷத்தில் செய்துவிடும் என்பது நான் பார்த்த அனுபவம்.

ஒட்டுப்போடும் முன் துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். ஒட்டுத் தகட்டின் முனைகளை நேராக வெட்டாமல் சாய்வாக, மீன் வால் மாதிரி வெட்டிப் பற்றவையுங்கள். செங்குத்தாக ஒரே கோட்டில் பற்றவைத்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடக் கூடாது. பாட்டரி மைனஸையும் ஆல்டர்நேட்டர் ஒயரையும் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். டீசல் டேங்க் கிட்டே இருந்தால் டேங்கை இறக்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் வெறும் ரெட் ஆக்சைட் போதாது. துத்தநாகம் கலந்த பிரைமர், அதன்மேல் எபாக்ஸி, சேசிஸ் உள்பக்கத்துக்கு மெழுகு வகைப் பூச்சு. கழிவு ஆயிலை அடியில் அடிப்பதை நான் விட்டுவிட்டேன். ரப்பர் புஷ்களை ஊதவைக்கிறது, சொட்டும் இடத்து மண்ணும் கெடுகிறது.

தொட்டியில் நான் செய்தது இதுதான்: பழைய ஓட்டைகளை அடைத்து, தரையில் கெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரித்து, பின் மூலை இரண்டில் மட்டும் ஓட்டை வைத்து, அதில் ரப்பர் பைப் மாட்டிச் சேசிஸுக்கும் சக்கரத்துக்கும் வெளியே இறக்கிவிட்டேன். அந்தப் பைப்பைச் சாலையில் திறந்துவிடக் கூடாது, பின்னால் வரும் பைக் வழுக்கும். ஒரு கேனில் பிடித்து நின்ற இடத்தில் கொட்டுகிறேன்.

ஸ்பிரிங் பட்டை உடைந்துகொண்டே இருக்கிறது

நடு போல்ட் ஓட்டையில் உடைந்தால், பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ-போல்ட் தளர்ந்திருக்கிறது. புதுப் பட்டை போட்டு நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முனைப்பக்கம் உடைந்தால் பாரம் அதிகம். கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் தீரும் என்று நினைத்து நானும் சேர்த்தேன். வண்டி விறைத்துப்போய், மணல் மேட்டில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க ஆரம்பித்தது. சேர்த்த பட்டையை எடுத்துவிட்டு ஏற்றுகிற பாரத்தைக் குறைத்தேன், உடைவது நின்றது.

பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், வேறு எஞ்ஜின் என்று போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் இல்லாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். பிரீதர் ட்யூப், எர்த் ஒயர், தொட்டி வடிகால் மாதிரி வேலைகள் வேறு, அவை பாதுகாப்பு வேலைகள்.

கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடத்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலைகிற ஊரில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு வண்டி கழுவ மனசு வராது. வயலுக்கு மருந்தடிக்கும் தோள் ஸ்ப்ரேயர் புதிதாக ஒன்று வாங்கி, அதில் நல்ல தண்ணீர் நிரப்பி அடியில் அடிக்கிறேன். அதில் மருந்து அடிக்கவே கூடாது. ஸ்பிரிங் பட்டை நடுவில், பிரேக் பைப் கிளிப்புகளில், சேசிஸ் ஓட்டைகளுக்குள், ஹப் மேல் என்று இடம் பார்த்து அடித்தால் 16 லிட்டர் ஒரு வண்டிக்குப் போதும். கடலோரம் போன அன்றைக்கே, உப்பு காய்வதற்கு முன் அடித்துவிட வேண்டும். அடித்து முடித்ததும் பத்து நிமிஷம் வண்டியை ஓட்டி, பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து டிரம்மைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் காலையில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுப் போங்கள்.